மகளின் வெள்ளிப் பல்லுக்கு ஒரு நன்றி மடல்

அங்கன்வாடி டீச்சருக்கும், நாகர்கோவில் டாக்டரம்மாவுக்கும், தக்கலை பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

என் மகளுக்கு 4 வயது. அவள் ஒரு பக்கமாகவே மெல்லுவதை முதலில் கவனித்தது நான் இல்லை, டீச்சர்தான். பிள்ளைகளைப் பார்க்க ஆண்டுக்கு இரண்டு தடவை வரும் மருத்துவக் குழு வந்த அன்று, இவளை முன்னால் நிறுத்தி வாயைத் திறக்க வைத்தீர்கள் டீச்சர். இல்லையென்றால் நான் இன்னும் பூச்சிப் பல் என்று கிராம்பு வைத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆறு மாதம் முன்பு வேறொரு இடத்தில் காட்டியபோது, "பால் பல்தானே, விழுந்துரும்" என்று அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியவள் நான். கோபம் அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி.

டாக்டரம்மா, நீங்கள் என் முழங்காலோடு முழங்கால் சேர்த்து உட்கார்ந்து, அவள் தலையை உங்கள் மடியில் சாய்த்து, பெருவிரலால் மேலுதட்டைத் தூக்கிக் காட்டியது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைக் கோடு. சொத்தை அங்கேதான் தொடங்கும் என்றீர்கள். கீழ் முன்பற்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. புட்டி உறிஞ்சும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்ளுமாம். மேலே பால் தேங்கும், தூக்கத்தில் எச்சிலும் குறையும், மிச்சத்தைக் கிருமி பார்த்துக்கொள்ளும். சீனி போட்ட பால் புட்டியை வாயில் வைத்தே தூங்கவிட்டது நாங்கள்தான். கடைவாய்ப் பால் பல் 10, 12 வயது வரை நிற்க வேண்டும், முன்னாலேயே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இரண்டு பல்லுக்கு வேர் சிகிச்சை, மேலே ஸ்டீல் கேப்.

நாலு நடை கூட்டிப்போன ஆட்டோ அண்ணன் பெட்ரோல் காசுக்கு மேல் வாங்கவில்லை. கடைக்கார அக்கா மிட்டாய்ப் பரணியை அவள் கண்ணில் படாமல் பின்னால் தள்ளிவைத்துவிட்டு, மட்டிப் பழம் நீட்டுகிறார். (கருப்பட்டி மிட்டாய் ஒன்றும் செய்யாது என்று நினைத்திருந்தேன். பல்லுக்கு அதுவும் சீனிதான்.)

மாமி, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. "என் மகனுக்கும் இப்படித்தானே குடுத்தேன்" என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் பிள்ளை அழுத சத்தம் கேட்ட ராத்திரியே சீனியை நிறுத்தினீர்கள். பிறகு பாலில் பாதி தண்ணீர், அப்புறம் முக்கால். எட்டாம் நாள் வெறும் தண்ணீர். அவள் அலறிய மூன்று ராத்திரியும் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தது நீங்கள். நான் தூங்கிவிட்டேன் மாமி, மன்னிக்க வேண்டும்.

இப்போது காலையும் ராத்திரியும் பட்டாணி அளவு பேஸ்ட்டில் நானே துலக்கிவிடுகிறேன். போன வாரம் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தார். இவள் வாயை ஆவென்று திறந்து, "வெள்ளிப் பல்லு பாத்தீங்களா?" என்றாள்.