அமெரிக்க உள்நாட்டு விமானப் பயணமும் எம்மவரின் அடையாள ஆவணங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 செப்டெம்பரில் என் அக்கா தன் மூத்த மகளிடம் நியூஜேர்சிக்குச் சென்றிருந்தார். அங்கிருந்து இளைய மகளைப் பார்க்க டெக்சாஸ் மாநிலத்துக்கு உள்நாட்டு விமானத்தில் புறப்பட்ட அன்று, எமது இலங்கைத் தேசிய அடையாள அட்டையை மட்டுமே கைப்பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். கடவுச்சீட்டை மகளின் வீட்டு அலுமாரியில், நகைகளோடு சேர்த்துப் பூட்டி வைத்துவிட்டார். ஓமந்தையிலும் கொழும்புச் சோதனைச் சாவடிகளிலும் அடையாள அட்டையை நீட்டியே வயதைக் கழித்த ஒருவருக்கு, நாட்டுக்குள் பயணம் செய்ய அடையாள அட்டை, நாடு விட்டு நாடு போகக் கடவுச்சீட்டு என்பது மனதில் ஊறிப்போன வழக்கம். பாதுகாப்புச் சோதனையில் இருந்த அதிகாரி மரியாதையாகவே அவரை ஒரு பக்கத்தில் அமர வைத்திருக்கிறார். மகள் வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கடவுச்சீட்டை எடுத்து வருவதற்குள் விமானம் போய்விட்டது. எழுபத்தொரு வயதில், மொழி சரளமாக வராத இடத்தில், குற்றம் செய்தவர்போல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி அக்கா இன்றும் அதிகம் பேச விரும்புவதில்லை.

இதில் எனக்கு மேலும் வேதனை தந்தது வேறொன்று. அவர் புறப்படுவதற்கு முன்னரே, கொழும்பில் உள்ள ஒரு பயண முகவர், "இனிமேல் அமெரிக்க அடையாள அட்டை இல்லாதவர் அங்கே உள்நாட்டு விமானத்தில் ஏற முடியாது" என்று சொல்லி, அதற்கான ஆவணங்களைத் தயாரிப்பதாக ஒரு தொகையை வாங்கியிருந்தார். அப்படியொரு ஆவணம் அவருக்குத் தேவைப்படவே இல்லை. இதே செய்தி வாட்ஸ்அப் மூலமாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளுக்குப் பரவியிருப்பதை அறிந்த பின்னரே இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களின் பின்னர், 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ரியல் ஐடி' என்ற சட்டம் நிறைவேற்றப்பட்டது. பலமுறை ஒத்திவைக்கப்பட்ட அச்சட்டம், விமான நிலையங்களில் 2025 மே 7ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் உள்நாட்டு விமானத்தில் ஏறுவதற்குச் சாதாரண மாநிலச் சாரதி அனுமதிப்பத்திரம் போதாது, அச்சட்டத்தின் தரத்துக்கு அமைந்ததும் பெரும்பாலும் மேல் மூலையில் நட்சத்திரக் குறி உள்ளதுமான அனுமதிப்பத்திரம் அல்லது அதற்கு ஈடான வேறு ஆவணம் வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த "வேறு ஆவணம்" என்ற சொற்களைத்தான் வதந்தி பரப்புவோர் விட்டுவிடுகிறார்கள். டி.எஸ்.ஏ. எனப்படும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும் ஆவணங்களின் பட்டியலில் வெளிநாட்டு அரசு வழங்கிய கடவுச்சீட்டும் இருக்கிறது. ஆகவே செல்லுபடியாகும் இலங்கைக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனவராயினும் சரி, மாணவராயினும் சரி, வேலை விசாவில் இருப்பவராயினும் சரி, வேறு எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. நிரந்தர வதிவிட அட்டையும், குடிவரவுச் சேவை வழங்கும் வேலை அனுமதி அட்டையும் அதே பட்டியலில் உள்ளன. எமது தேசிய அடையாள அட்டை அதில் இல்லை.

ரியல் ஐடி தரத்திலான அனுமதிப்பத்திரத்தைக் குடியேறியவர்களும் பெறலாம். அதற்கு முழுப்பெயர், பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம், குடியிருக்கும் முகவரிக்கு இரண்டு சான்றுகள் ஆகியவற்றோடு சட்டபூர்வமாக அங்கே தங்கியிருப்பதற்கான ஆதாரத்தையும் மாநிலப் போக்குவரத்துத் திணைக்களத்தில் காட்ட வேண்டும். அந்த ஆதாரம் மத்திய அரசின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். தற்காலிக விசாவில் இருப்பவருக்குக் கிடைக்கும் அனுமதிப்பத்திரம் அவர் தங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட நாள் வரைக்குமே செல்லும். தங்கும் காலத்துக்கு முடிவுத் திகதி இல்லையெனில் ஓராண்டுக்கு மட்டும் வழங்கப்படும். கலிஃபோர்னியா, நியூயோர்க், இல்லினோய் போன்ற மாநிலங்கள் குடிவரவு நிலையைக் கேட்காமலும் அனுமதிப்பத்திரம் வழங்குகின்றன. அது வாகனம் ஓட்ட உதவும், விமானம் ஏற உதவாது. இந்த வேறுபாடு தெரியாமல் பயணச்சீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு.

எம்மவருக்கு உண்மையான இடர்ப்பாடு பெயரில்தான் இருக்கிறது. பிரதேச செயலகமொன்றின் பதிவுப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தமிழர்களாகிய எங்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரை முன்னால் எழுதி எங்கள் பெயரைப் பின்னால் எழுதுகிறோம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருப்பதால், ஒரே வீட்டில் அண்ணனுக்குத் தந்தையின் பெயர் அதில் விழுகிறது, தம்பிக்கு அவனுடைய சொந்தப் பெயரே விழுந்துவிடுகிறது. கடவுச்சீட்டில் முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கமான 'எஃப்.என்.யூ.' முதற்பெயராக அச்சிடப்படுகிறது, பின்னர் அதுவே வேறு ஆவணங்களிலும் தொடர்ந்து வருகிறது. இவற்றுக்கு மேலாக, பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு 'எச்' எழுத்து கூடியும், பாடசாலைச் சான்றிதழில் அது குறைந்தும் இருக்கும். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. அங்கேயோ, பயணச்சீட்டு வாங்கும்போது கொடுக்கும் பெயர், பிறந்த திகதி, பால் ஆகிய மூன்றும் காட்டப்போகும் அடையாள ஆவணத்தோடு பொருந்த வேண்டும். மகன் அவசரத்தில் தாயின் கூப்பிடு பெயரைப் போட்டு வாங்கிய சீட்டு, வாயிலில் நின்று பார்க்கும்போது வேறொருவருடைய சீட்டாகத் தெரியும். திருமணத்துக்குப் பின் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண், அனுமதிப்பத்திரம் பெறப் போகும்போது அந்த மாற்றத்தைத் திருமணச் சான்றிதழால் காட்ட வேண்டியிருக்கும்.

இதைச் சீர்செய்யும் வேலையில் பெரும்பகுதி அமெரிக்காவில் இல்லை, இங்கே கொழும்பிலும் பிறந்த ஊரிலுள்ள பிரதேச செயலகத்திலும் இருக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துக் கடவுச்சீட்டின் பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்று பெற்றோரை வேண்டிக்கொள்கிறேன். பிழை இருந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் வழியாகத் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடமே செய்விக்க வேண்டும், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அவருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும்.

கடவுச்சீட்டின் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லையில் விடிய விடிய மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அமெரிக்காவில் இருப்பவர் வாஷிங்டன் தூதரகம் அல்லது லொஸ் ஏஞ்சல்ஸ் துணைத் தூதரகம் போன்ற எமது பணிமனைகள் ஊடாக விண்ணப்பித்தாலும், அந்த விண்ணப்பம் பத்தரமுல்லைக்கு வந்துதான் திரும்ப வேண்டும். ஆகவே காலாவதித் திகதிக்கு ஓராண்டு இருக்கும்போதே அதைத் தொடங்குவது நல்லது.

புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ள எம் இளைஞர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது, இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். அவர்களில் சிலரது கடவுச்சீட்டு வழியிலேயே தொலைந்துவிட்டது, சிலரது எல்லையில் அதிகாரிகளிடம் போய்விட்டது. எந்த அரசுக்கு அஞ்சிப் புகலிடம் கேட்கிறாரோ அந்த அரசின் தூதரகத்தில் புதிய கடவுச்சீட்டு கேட்பது அவருடைய வழக்கையே பலவீனப்படுத்தக்கூடும். சட்டத்தரணியைக் கேட்காமல் ஊரிலிருந்து உறவினர்கள் அப்படிச் செய்யச் சொல்லக் கூடாது. அவருக்கு உரியது வேலை அனுமதி அட்டை. அதன் புதுப்பித்தலுக்குக் காலாவதிக்கு 180 நாட்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். புகலிடம் கோரியோருக்குப் புதிதாக வழங்கப்படும் அட்டைகளின் உச்சக் காலம் 2025 டிசம்பரில் 5 ஆண்டுகளிலிருந்து 18 மாதங்களாகக் குறைக்கப்பட்டிருப்பதால், இந்த 180 நாட்கள் முன்னரைவிட இப்போது மிகவும் பெறுமதியானவை. விண்ணப்பம் கிடைத்தது என்று வரும் கடிதம் அடையாள ஆவணமாக மாட்டாது. உள்நாட்டுப் பயணிகளின் பெயர்ப்பட்டியல் குடிவரவு அமுலாக்க அதிகாரிகளுடன் பகிரப்படுவதாக அதே மாதத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. நாடுகடத்தல் உத்தரவு பெற்ற ஒருவர் எவ்வளவு நல்ல அடையாள ஆவணம் வைத்திருந்தாலும், சட்டத்தரணியோடு பேசாமல் விமான நிலையத்துக்குப் போகக் கூடாது. பேருந்தில் இரண்டு நாள் போவது கடினந்தான், ஆனாலும் போகலாம்.

ஏற்கப்பட்ட ஆவணம் எதுவும் இல்லாமல் வரும் பயணியிடம் 45 டொலர் கட்டணம் பெற்று வேறு வழியில் ஆளை உறுதிப்படுத்தும் முறையொன்று 2026 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம் கட்டினாலும் அனுமதி நிச்சயமில்லை. அந்நாட்டில் பழைய பதிவுகள் அதிகமில்லாத எம்மவர் இதை நம்பிப் புறப்படக் கூடாது என்பதே என் எண்ணம்.

தங்கள் பத்திரிகையிடமும் உரியவர்களிடமும் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. வெளிநாடு செல்வோருக்கான இத்தகைய விடயங்களை மாதம் ஒருமுறையாவது தமிழில் வெளியிட்டால், முகவர்களின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருக்கும் முதியவர்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம், தமிழ் விண்ணப்பதாரரின் தந்தை பெயரையும் சொந்தப் பெயரையும் எந்தக் கட்டத்தில் எப்படி நிரப்ப வேண்டும் என்பதற்கு ஒரே முறையிலான விளக்கத்தைத் தமிழில் அச்சிட்டு, விண்ணப்பப் படிவத்தோடு வழங்க வேண்டும். கருமபீடத்தில் ஒரு தாள் கூடுதலாகக் கொடுப்பதுதான் அதற்கு ஆகும் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுப் பிரிவு உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.