நிர்வாகப் பகுதிக்குத் தனி வாசல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்குப் பதிவுத் தளங்களை ரெயில்ஸில் (ரூபி மொழியில் இணையத் தளங்கள் கட்டுவதற்கான சட்டகம்) எழுதிக் கொடுக்கும் நம்மூர் இளைஞர்களின் கவனத்துக்கு ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறேன். அண்மையில் நான் திருத்திக் கொடுத்த ஒரு தளத்தில், விருந்தினர் பார்க்கும் அறைப் பட்டியலும் உரிமையாளர் விலையை மாற்றும் பக்கமும் ஒரே கன்ட்ரோலரில், அதாவது உலாவியிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கையாளும் நிரல் பகுதியில், இருந்தன. நிர்வாகியா என்ற சோதனை ஒவ்வொரு செயலிலும் தனித்தனியே எழுதப்பட்டு, அழிக்கும் செயலில் மட்டும் விடுபட்டிருந்தது.

எந்த முகவரி எந்தக் கன்ட்ரோலருக்குப் போகும் என்று சொல்லும் ரூட்ஸ் கோப்பில் 'நேம்ஸ்பேஸ் அட்மின்' என்று ஒரு தொகுதியைத் திறந்தால், முகவரி, கன்ட்ரோலர் கோப்புறை, வியூ (பக்க வார்ப்புரு) கோப்புறை, பாதைகளின் பெயர்கள் ஆகிய நான்கும் அட்மின் என்ற பெயரின்கீழ்ப் பிரிந்துவிடும். ஆனால் பெயரைப் பிரிப்பது பூட்டுப் போடுவதாகாது. அப்பகுதிக்கென ஓர் அடிப்படைக் கன்ட்ரோலரை எழுதி, உள்நுழைவையும் அதிகாரத்தையும் ஒவ்வொரு செயலுக்கும் முன்னர் சோதிக்கும் 'பிஃபோர் ஆக்‌ஷன்' வரியை அதில் ஒரு முறை வைத்து, ஏனைய நிர்வாகக் கன்ட்ரோலர்கள் அனைத்தையும் அதிலிருந்தே வழிவரச் செய்தால்தான், நாளை புதிதாகச் சேர்க்கப்படும் பக்கமும் தானாகவே காவலுக்குள் வரும். தரவைக் கையாளும் மாடல்களை இரண்டாக்க வேண்டியதில்லை; அறை இரு பக்கத்துக்கும் அதே அறைதான்.

ஜாவாஸ்கிரிப்டுக்கும் தனி நுழைவுக் கோப்பு வைத்து, அதை நிர்வாகப் பக்கங்களின் பொது வார்ப்புருவான லேஅவுட்டில் மட்டும் அழைக்கலாம். கடற்கரையில் நின்று கைபேசியில் அறை தேடுபவர், உரிமையாளரின் வருமான வரைபடங்களுக்கான நிரலை ஏன் இறக்க வேண்டும்? பொத்தானை ஜாவாஸ்கிரிப்டால் மறைத்துவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள்; உலாவியில் ஓடும் எதையும் பயனர் மாற்ற முடியும் என்பதால், சோதனை சேவையகத்தில்தான் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் எழுதுநர் ஒருவர்,
திருகோணமலை.