பிளேடு உறையும் ரேசரின் ஒரு பாகம்தான்: வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்தியாவில் ரேசரும் பிளேடும் வடிவமைத்து விற்கும் நிறுவனங்களின் பொறியாளர்கள்

ஐயா, அம்மா,

வணக்கம். ராணிப்பேட்டையில் டூல்ரூம் (ஆலைக் கருவிகள் செய்யும் பிரிவு) வேலையும், பிறகு காட்பாடிப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் டை (உலோக அச்சு) வெட்டும் வேலையும் செய்து ஓய்வுபெற்றவன் நான். மாவட்டத்தை எத்தனை முறை பிரித்தாலும் வட ஆற்காடு என்றே சொல்லிப் பழகிய தலைமுறை. சுற்றி வளைக்காமல் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கடையில் கிடைக்கும் இருபக்க பிளேடை விரல் படாமல் மாற்றக்கூடிய ஒரு ரேசரைச் செய்து கொடுங்கள். அதற்கு ரேசரை மட்டும் திருத்தினால் போதாது, பிளேடைச் சுற்றி வரும் உறையையும் சேர்த்துத் திருத்த வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் விளம்பரங்களில் ரேசர் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. பிளேடு மாற்றுவதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. காட்டினால் விற்காது. மூன்று துண்டு ரேசரைக் கழற்றும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கைப்பிடியைத் திருகியதும் மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றும் தனித்தனியாகின்றன. பிளேடு மட்டும் சோப்புத் தண்ணீரின் பசையில் மூடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் தடிமன் 0.1 மி.மீ. அதைக் கிளப்ப நகத்தை எங்கே கொடுப்பது? வெட்டாத பகுதி இரண்டு முனைகளிலும் உள்ள குறுகிய ஓரம் மட்டும்தான். அழகுக்காகவும், காதோரம் கீறாமல் இருக்கவும் பல ரேசர்களில் அந்த ஓரத்தையும் மூடிக்குள் மறைத்துவிடுகிறீர்கள். கீறாமல் இருக்க வேண்டும் என்பது நியாயமான காரணம். ஆனால் மீதி இருக்கும் இரண்டு பக்கமும் கூர்முனைதான். ஈரக் கையோடு, கண்ணாடி அணியாமல், காலை அவசரத்தில் ஒரு மனிதன் தொட வேண்டிய இடமாக அதை விட்டிருக்கிறீர்கள்.

என் அண்ணனுக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்துவிட்டது. பிளேடு வெட்டியது அவருக்கு வலியால் தெரிவதில்லை. வாஷ்பேசினில் சிவப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். ஆறுவதற்கும் நாளாகிறது. சலூனுக்குப் போங்கள் என்றால், தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வதை விட மனமில்லை என்கிறார். அந்தப் பிடிவாதம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அதுவே இருக்கிறது.

உணர்ச்சியற்ற கை என்பது எங்கள் ஊருக்குப் புதிய செய்தி அல்ல. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்தவர். தொழுநோயாளியின் விரல் அழிவது சதை அழுகுவதால் என்று அதுவரை நம்பி வந்தார்கள். வலி தெரியாததால் ஏற்படும் அன்றாடக் காயங்களே அதற்குக் காரணம் என்று அவர் காட்டினார். சூடான பாத்திரம், கரடுமுரடான கைப்பிடி, கூரான விளிம்பு என்று கருவியைப் பார்க்கத் தொடங்கினார்கள். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மையமும், மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வளர்த்தெடுத்த மறுவாழ்வுப் பணியும் அதே பாடத்தைத்தான் சொல்கின்றன. கையைக் கருவிக்கு ஏற்ப மாற்ற முடியாதபோது கருவியைக் கைக்கு ஏற்ப மாற்று. ரேசர் மட்டும் ஏன் இந்தப் பாடத்திலிருந்து தப்பித்தது என்பதே என் கேள்வி.

வழி தெரியாமல் போனதால் அல்ல. வழிகள் எல்லாம் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டவை. கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கரின் யோசனைக்கு வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் உருவம் கொடுத்தார். 1903இல் விற்பனைக்கு வந்து, 1904இல் காப்புரிமை பெற்ற அந்த ரேசர் மூன்று துண்டுதான். 1934இல் அவர் தொடங்கிய ஜில்லெட் நிறுவனம் கைப்பிடியின் அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கும் வகையைக் கொண்டுவந்தது. ரேசர் துண்டு துண்டாகப் பிரிவது நின்றது, பிளேடைக் கையால் எடுக்க வேண்டிய தேவை மட்டும் நிற்கவில்லை. 1947இல் வந்த சூப்பர் ஸ்பீடு வகையில்தான் உண்மையான முன்னேற்றம். பிளேடுகள் காகிதத்தில் இல்லாமல் ஒரு சிறு பெட்டியில் அடுக்கப்பட்டு வந்தன. கதவைத் திறந்து, ரேசரின் நடுத்தண்டைப் பெட்டியின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளினால் பிளேடு நேராகத் தண்டின்மேல் போய் உட்காரும். அதற்கென்றே நடுத்தண்டின் முனைகளில் வெட்டு வைத்திருந்தார்கள். பழைய பிளேடைப் போடப் பெட்டியின் பின்புறம் ஒரு கீறல். இந்தப் பெட்டியைச் செய்தவர் யார் என்று எனக்கு ஒரு பட்டறைக்காரனின் பொறாமை. ரேசரில் செய்த மாற்றம் அந்த ஒரு வெட்டு மட்டும். மீதி வேலை முழுவதையும் உறை செய்தது.

ஜேக்கப் ஷிக் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி அதற்கும் முன்பே, 1920களில், துப்பாக்கியில் தோட்டா ஏற்றுவது போல பிளேடு ஏற்றும் ரேசரை யோசித்தார். பின்னால் வந்த இஞ்செக்டர் வகையில், பிளேடுக் கூட்டின் முனையை ரேசரின் பக்கவாட்டில் செருகித் தள்ளினால் புதியது உள்ளே போகும், பழையது மறுபக்கம் வெளியே விழும். இதைவிடச் சுத்தமான பிளேடு மாற்றத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த பிளேடு ஒருபக்கக் கூர் உடையது, தடிமன் ஏறக்குறைய 0.25 மி.மீ. தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதால், நம் பிளேடைவிட அது பதினைந்து மடங்கு விறைப்பு. அதனால்தான் முனையில் தள்ளினாலும் வளையாமல் போகிறது. நம் ஊர்க் கடைகளில் அந்த பிளேடு கிடைப்பதில்லை, கிடைக்கச் செய்யுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. காட்பாடி ரயில் நிலையம் முதல் ஜவ்வாது மலை அடிவாரம் வரை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைப்பது இருபக்க பிளேடு. 1930 வாக்கில் நிலைபெற்ற அந்த நீண்ட நடுத்துளை வடிவம் உலகம் முழுவதும் ஒன்றே. எந்த நிறுவனத்தின் பிளேடும் எந்த நிறுவனத்தின் ரேசரிலும் பொருந்தும். இப்படி ஒரு பொதுத்தன்மை வேறு எத்தனை பொருள்களுக்கு வாய்த்திருக்கிறது?

பிளேடு பதித்த தலையை அப்படியே கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1971இல் இரட்டை பிளேடோடு தொடங்கி இன்று ஐந்து, அதற்கு மேலும் அடுக்கிவிட்டீர்கள். மாற்றுவது எளிது, விரல் பாதுகாப்பாக இருக்கிறது, இதை மறுக்க மாட்டேன். 2010இல் இந்தியாவுக்கென்று வந்த ஜில்லெட் கார்டு, ரேசர் 15 ரூபாய், மாற்றுத் தலை 5 ரூபாய் என்று அறிமுகமானது. குழாயடியில் அல்லாமல் குவளைத் தண்ணீரில் அலசுபவரை மனத்தில் வைத்து அதைச் செய்தார்கள். பாராட்டத்தக்க பொறியியல். ஆனால் ஒரு கைப்பிடிக்கு ஒரே நிறுவனத்தின் தலை. உள்ளே இருப்பது சிறு எஃகுத் துண்டு, வெளியே எறிவது பிளாஸ்டிக் கூடு. பல பிளேடு வகைகளில் நடுவே மயிரும் நுரையும் சிக்கினால் எங்கள் தண்ணீரில் அது கழுவிப் போவதும் இல்லை.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலூரைத் தண்ணீர் இல்லாத ஆறு உள்ள ஊர் என்று கேலி பேசுவது வழக்கம். பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்துவிட்டது. உப்பு இன்னும் தீர்ப்பைப் படிக்கவில்லை. இந்தத் தண்ணீரில் கதவு திறக்கும் ரேசரைப் பயன்படுத்திப் பாருங்கள். கீல்களிலும் உள்தண்டிலும் சோப்பும் சுண்ணமும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்து, ஒரு பக்கக் கதவு முழுதாக மூடாமல் நிற்கும். அப்போது பிளேடின் ஒரு பக்கம் அதிகமாகத் துருத்தும், மறுபக்கம் மழிக்காது. எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்தால் சரியாகும், அடுத்த மாதம் மீண்டும் வரும். ஆகவே அசையும் பாகங்களைக் கூட்டி எளிமை தேடாதீர்கள். இந்த ஊருக்கு மூன்று துண்டுதான் சரி. பிரித்தால் எல்லா மூலையையும் தேய்த்துக் கழுவலாம்.

பிறகு எப்படி? பதில் எங்கள் சலூன்களில் இருக்கிறது. முடிதிருத்துநர் பிளேடை எப்படி எடுக்கிறார் என்று கவனியுங்கள். காகிதத்தைப் பிரிப்பதில்லை. காகிதத்தோடு சேர்த்து நீளவாக்கில் மடக்குகிறார். நடுவே நீண்ட துளை இருப்பதால், இரு முனைகளிலும் உள்ள சின்ன இணைப்புகள் மட்டும் முறிய வேண்டும். கடினமேற்றிய எஃகு, சட்டென்று முறிகிறது. பாதியைக் காகிதத்தோடு பிடித்தபடியே மடக்குக் கத்தியின் தாங்கியில் செருகிவிட்டுக் காகிதத்தை உருவுகிறார். ஆளுக்கு ஒரு புது பிளேடு என்ற கணக்கில் நாள் முழுவதும் இதைச் செய்கிறார், பேச்சை நிறுத்துவதும் இல்லை. உங்கள் உறையை அவர் கருவியாக மாற்றிக்கொண்டார். நீங்கள் அதை வெறும் காகிதமாகவே இன்னும் அச்சடிக்கிறீர்கள்.

நான் கேட்பது இதுதான். பிளேடைக் கூர்முனை மறையும்படி, நடுத்துளை மட்டும் திறந்திருக்கும்படி ஒரு மடிப்பு அட்டையில் வையுங்கள். ரேசர் மூடியில் பிளேடின் துளைக்குள் புகும் முளைகளைச் சற்று உயரமாக்கி, நுனியைக் கூம்பாக்குங்கள். மூடியை அட்டையின் மேல் அழுத்தினால் முளைகள் துளையைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். அட்டையை உருவினால் பிளேடு மூடியில் நிற்க வேண்டும். மூடியைக் கவிழ்த்தாலும் பிளேடு விழாமல் இருக்க மூடிக்குள் ஒரு சிறு காந்தம் போதும். துருப்பிடிக்காத எஃகு காந்தத்தில் ஒட்டாது என்று சமையல் பாத்திரத்தை வைத்துச் சொல்வார்கள். பிளேடுக்கான எஃகு வேறு வகை, நன்றாக ஒட்டும். காந்தத்தை முழுதாக மூடிப் பதியுங்கள், இல்லையென்றால் எங்கள் தண்ணீர் அதையும் தின்றுவிடும். பழைய பிளேடைக் கழற்ற அட்டைப் பெட்டியின் பின்னால் கீறல். மூடியை அதில் வைத்து இழுத்தால் பிளேடு உள்ளேயே நின்றுவிட வேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்க வீடுகளில் குளியலறை அலமாரியின் பின்னால் கீறல் வைத்து, பழைய பிளேடைச் சுவருக்குள்ளேயே விழவிட்டார்கள். நம் வீடுகளில் ஜன்னல் திட்டில் வைக்கிறோம், பிறகு குப்பையில் போடுகிறோம். அதைப் பிரிப்பவர் கையைப் பற்றி உங்கள் வரைபடத்தில் எங்காவது ஒரு கோடு உண்டா?

திருகைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பரவலாக உள்ள 5 மி.மீ. திருகில் மரையின் இடைவெளி 0.8 மி.மீ. ஆறு மி.மீ. ஏற ஏழெட்டுச் சுற்று வேண்டும். பக்கவாதம் வந்து ஒரு கையால் செய்பவருக்கு அது நீண்ட பயணம். இரட்டை மரை வெட்டினால் சுற்று பாதியாகும் என்று உங்கள் இளம் பொறியாளர் யாராவது சொல்வார். மரையின் சாய்வு கூடும், சோப்பு உராய்வைக் குறைக்கும், மழிக்கும்போதே திருகு தளரக்கூடும். அதைவிட மரையின் நீளத்தைக் குறைத்து, தண்டைப் பித்தளையில் செய்து மூடியில் பதியுங்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த தண்டு இறுக்கி முறுக்கினால் ஒடிகிறது என்பது உங்களுக்கும் தெரியும், டை வெட்டிய எனக்கும் தெரியும். கைப்பிடியைத் தடிப்பாக்குங்கள். மேசையில் நிமிர்த்தி வைத்தால் உருளாமல் நிற்க வேண்டும்.

செலவு கூடும் என்று உங்கள் கணக்குப் பிரிவு சொல்லும். மூடிக்கான டையில் முளையை மாற்றுவது பெரிய வேலை அல்ல. அட்டைக்கு மடிப்பு எந்திரத்தில் மாற்றம் வேண்டும், அங்கேதான் உங்கள் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிளேடைப் பொதிபவர்கள் ஒரு பிரிவு, ரேசரை வார்ப்பவர்கள் இன்னொரு பிரிவு. இரண்டு பிரிவுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசாதவரை பிளேடுக்கும் ரேசருக்கும் நடுவே பாலமாக வாடிக்கையாளரின் விரல்தான் இருக்கும்.

புதிய மாதிரிக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். தடித்த ரப்பர் கையுறை போட்டு, அதன்மேல் சோப்பு நுரை தடவி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தலைமைப் பொறியாளரே ஒற்றைக் கையால் பிளேடை மாற்றட்டும். கையுறையில் கீறல் விழுந்தால் வரைபடம் திரும்பிப் போகட்டும். விழாவிட்டால் ஒன்றை வேலூருக்கு அனுப்புங்கள், அண்ணன் உப்புத் தண்ணீரில் பார்த்துச் சொல்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் தொழிலாளி ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்