அந்த ஸ்கிரீன கொஞ்சம் ஆன் பண்ணுங்க சார்

மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க், புடாபெஸ்ட்னு எந்த ஊரா இருந்தாலும், ஆப்பரெட்டா (பாட்டும் வசனமும் கலந்த லேசான இசை நாடகம்) தியேட்டர் நடத்துற மரியாதைக்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஹங்கேரி இசையமைப்பாளர் கால்மான் 1915-ல வியன்னால மேடையேத்தின ‘சார்தாஷ் ராணி’ன்ற ஆப்பரெட்டாவோட கதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்ல, ஹங்கேரிக்காரங்க அத எங்க சொத்துன்றாங்க, ரஷ்யாக்காரங்க கதாநாயகி பேரையே எடுத்து ‘சில்வா’ன்னு பேர் வச்சு சொந்த ஊர் பொண்ணு மாதிரியே வளர்த்துட்டாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து போட்டா நல்லாத்தானே இருக்கும்னு நம்பி ரெண்டு டிக்கெட் எடுத்தேன்.

எந்த தியேட்டர்னு சொல்லல. சொன்னா அவங்க பிரச்சனைன்னு மத்தவங்க ஒதுங்கிடுவீங்க.

கூட வந்தது புடாபெஸ்ட்ல என் ஹவுஸ் ஓனர் பாட்டி, 78 வயசு, முழங்கால் வலியோட பால்கனி வரைக்கும் ஏறினாங்க. ரஷ்யாவுலருந்து வந்தவங்க பாடினது பேசினது எல்லாம் ரஷ்யன்ல, ஹங்கேரியன்ல சப்டைட்டில் கிடையாது. மேடைக்கு மேல ஸ்கிரீன் இருக்கு, ஆனா ஆஃப். பாட்டி ஸ்கூல்ல எட்டு வருஷம் கட்டாயமா ரஷ்யன் படிச்சவங்கதான், கட்டாயத்துக்குப் படிச்சது எங்க நிக்கும், நானோ ரஷ்யாவுல ஆறு வருஷம் மெடிசின் படிச்சவன், அதனால மதுரைக்காரன் ஒருத்தன் ஹங்கேரி பாட்டி காதுல அவங்க ஊர் நாடகத்த ரஷ்யன்லருந்து ஓட்ட ஹங்கேரியன்ல மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கான், முன்சீட்டுக்காரர் ரெண்டு தடவ திரும்பி ‘ஷ்ஷ்’னார், மூணாவது தடவ அவர் முறைச்சதுல நான் வாய மூடிட்டேன்.

கதை பாட்டிக்கு மனப்பாடம். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சது 1954-ல ஹங்கேரில மாத்தி எழுதின கதை, ஹன்னா ஹொன்டின்ற நடிகைக்காகவே, சில்வாவ காதலிக்கிற எட்வினோட அம்மா வேஷத்த பெருசாக்கினாங்களே, அது. அந்த அம்மா எப்ப வருவா, எப்ப வருவான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வந்தாங்க, நாலு வசனம் பேசினாங்க, போயிட்டாங்க. “இவ்வளவுதானா?”ன்னாங்க பாட்டி. ரெண்டாவது இடைவேளைல கோட்ட வாங்கிக்கிட்டு கிளம்பிட்டாங்க, படியிறங்கும்போது ஒரு வார்த்த பேசல. நான் மட்டும் திரும்பிப் போய் மீதிய பாத்தேன்.

ரெண்டு ஊர்லயும் கதை வேறன்றது தப்பே இல்ல, சொல்லப்போனா ரசிக்கவேண்டியதே அதத்தான். அத ஜனங்களுக்குச் சொல்லணும்ல? ரெண்டு மொழிலயும் சப்டைட்டில் போடுங்க, எந்த வெர்ஷன்னு ஒரு வரி சொல்லுங்க, நான் கேக்குறது இவ்வளவுதான்.

கேட்டா பட்ஜெட் இல்லம்பீங்க. ஷோ முடிஞ்சதும் மேடைல பூங்கொத்து, ‘கலைப் பாலம்’னு ஆளுக்குப் பத்து நிமிஷம் ஸ்பீச், அதுக்கு மட்டும் வரிக்கு வரி மொழிபெயர்க்க ஒரு ஆள் நின்னார். அப்ப ஆள் இருக்கு, மைக் இருக்கு. நாடகத்துக்குத்தான் இல்ல! ரெண்டாம் உலகப் போர்ல லெனின்கிராட் (இன்னிக்கு பீட்டர்ஸ்பர்க்) முற்றுகைல ஊரே பட்டினி கெடந்தப்பகூட அங்க இருந்த மியூசிக்கல் காமெடி தியேட்டர் ஊர விட்டுப் போகல, 1941 டிசம்பர்ல கட்டடம் சேதமாச்சுன்னு வேற தியேட்டருக்கு மாறிப்போய் நடிச்சாங்க. அந்தப் பரம்பரைல வந்தவங்களுக்கு ஒரு சுவிட்ச் போடுறது அவ்வளவு கஷ்டமா. கால்மானோட இன்னொரு ஆப்பரெட்டா ‘சர்க்கஸ் இளவரசி’ வேற பீட்டர்ஸ்பர்க்லயே ஆரம்பிக்கிற கதை, அடுத்து அதத்தான் சேர்ந்து போடுவீங்க, அதுக்கும் நான்தான் காதுல ஓதணுமா?

சரி, கோவத்துல கொஞ்சம் நீட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க. பாடினவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, சில்வாவா நடிச்சவங்க அருமை. தயவுசெஞ்சு அடுத்த சீசன்லருந்து கூட்டு ஷோ எதுவா இருந்தாலும் ரெண்டு மொழிலயும் சப்டைட்டில் போடுங்க, எந்த வெர்ஷன்னு நோட்டீஸ்ல ஒரு வரி சேருங்க.

பாட்டிகிட்ட இன்னொரு தடவ போலாமான்னு கேட்டுப் பாத்தேன். புடாபெஸ்ட் நாகிமெசோ தெருவுல கால்மான் சிலை பக்கத்துல போய் உக்காந்துக்குறேன், அவராவது சும்மா இருப்பார்னு சொல்லிட்டாங்க.

இப்படிக்கு,
பால்கனி மூணாவது வரிசைலருந்து ஒருத்தன்