சேர்க்கை அட்டவணையைத் தமிழில் விளக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த மார்ச்சில் என் மகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் வெளியிடும் தர அட்டவணையை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு துறைக்கும் எதிரில் இரண்டு அளவுகள் இருக்கும்: கீழ் அளவு, மேல் அளவு. மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தவள், கட்டடக்கலை வந்ததும் அதை அடித்துவிட்டாள். கீழ் அளவைவிட ஒரே ஒரு பாடத்தில் அவளுக்கு ஒரு தரம் குறைவு. “கட்-ஆஃப் வரலம்மா” என்றாள். சின்ன வயதிலிருந்தே எங்கள் புளோக்கையும் எதிர் புளோக்கையும் படிக்கட்டு, துணிக்கம்பு விடாமல் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளை. நானும் சரி என்றுவிட்டேன். அதுதான் இன்னும் மனத்தை அறுக்கிறது.

அது கட்-ஆஃப் இல்லை. அது 10ஆவது சதமானம். சென்ற ஆண்டு, தொடக்கக் கல்லூரி இறுதித் தேர்வான ஏ லெவலின் தரங்களோடு அந்தத் துறையில் இடம் கிடைத்தவர்கள் நூறு பேர் என்றால், அவர்களில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு அந்தத் தரமோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தது. தொடக்கக் கல்லூரியில் சேரும்போது வெட்டுப்புள்ளி பார்த்தே நமக்குப் பழக்கம். அங்கே அது கடைசியாக இடம் பிடித்த மாணவரின் புள்ளி. அதே கண்ணோடு இந்த அட்டவணையையும் பார்த்துவிடுகிறோம். எனக்கு இது தெரியவந்தது மே மாதத்தில். மகளின் தோழி ஒருத்தி அதே தரங்களோடு கட்டடக்கலைக்கே விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், வரைந்த படங்களை எடுத்துப்போய்க் காட்டினாள், இடமும் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்காக மனதாரச் சந்தோஷப்படுகிறேன். என் மகள் கேட்கவே இல்லையே என்பதுதான் வருத்தம்.

மேல் அளவு என்பது 90ஆவது சதமானம். அது இருந்தால் இடம் உறுதி என்பதும் தப்பு. மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேசியப் பல்கலைக்கழகமானாலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானாலும், கீழ் அளவும் மேல் அளவும் ஒன்றேதான்: முழுப் பாடங்களான எச்2 மூன்றிலும், அதில் பாதியளவான எச்1 ஒன்றிலும் ஏ. எல்லாவற்றிலும் ஏ வாங்கியும் இடம் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. இடம் கிடைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது.

இந்த ஆண்டு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. 2026 சேர்க்கையிலிருந்து, பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் கணக்கிடும் மொத்தப் புள்ளி 90 இல்லை, 70. மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, ‘ஜெனரல் பேப்பர்’ எனும் பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் புள்ளியை உயர்த்தினால்தான் சேரும். தமிழ்த் தரம் நம் பிள்ளையைக் கீழே இழுத்துவிடாது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் சொந்தக்காரர்கள் தொலைபேசியில், “நம்ம பையன் 80 வாங்கித்தானே போனான், இவளுக்கு ஏன் 65?” என்று கேட்டார்கள். 90க்கு எடுத்த 80ஐயும் 70க்கு எடுத்த 65ஐயும் அப்படி ஒப்பிடவே கூடாது. அதை விளக்கி முடிப்பதற்குள் பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

இந்தப் பதற்றத்தில் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு துணைப்பாட நிலையத்தில், இருநூறு வெள்ளி கட்டினால் எந்தத் துறைக்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று கணித்துத் தருவதாகச் சொன்னார்கள். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதே கையில் இல்லாமல் எந்த விழுக்காட்டைக் கணிக்க முடியும்? நான் கட்டவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் கட்டின.

ஆண் பிள்ளைகளாவது கட்டாயத் தேசிய சேவையில் இருக்கும்போது மறுபடி விண்ணப்பித்துப் பார்க்கலாம். என் மகள் அப்படிச் செய்தால் ஒரு வருடம் போய்விடும். வேண்டாம் என்று கிடைத்த துறையிலேயே சேர்ந்துவிட்டாள்.

பிப்ரவரி கடைசியில் ஏ லெவல் முடிவுகள் வரும். அந்த வாரம் சாதனை மாணவர்களின் படங்களோடு, இந்த அட்டவணையை எப்படிப் படிப்பது என்று ஒரு பக்கமும் போடுங்கள். ஒரே ஒரு துறையை எடுத்துக்கொண்டு, கீழ் அளவு என்றால் என்ன, மேல் அளவு என்றால் என்ன, நேர்முகம் எங்கெங்கே உண்டு, பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகள் எதைப் பார்க்க வேண்டும் என்று எளிய தமிழில் எழுதினால் போதும். சமூக மன்றங்களில் பெற்றோர் கூட்டம் நடத்துபவர்களும் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். என் இளையவன் இப்போது தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டில் இருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
உட்லண்ட்ஸ்