கோமுவுக்கு, பாலம் பற்றியும் ஒரு நோட்டு பற்றியும்

அன்புள்ள கோமுவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் போதாதா, எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்பாய். பேசும்போது உனக்கு ஒரு கையில் குழந்தை, மறு கையில் கரண்டி. நானும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறேன், வைத்த பிறகுதான் சொல்ல நினைத்தது ஞாபகம் வருகிறது. இதை ஒரு விரலால் மூன்று நாளாக அடித்தேன். நீயும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை, நான் பொம்மை ரயிலுக்குச் செய்துகொண்டிருக்கிற பாலத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு நீ இரண்டு விஷயம் சொன்னாய். "யூடியூப் சேனல் ஆரம்பிங்கப்பா, எடிட் பண்ண நான் ஆள் பிடிச்சுத் தரேன்" என்றாய். அப்புறம் வைக்கிற நேரத்தில், "உங்களுக்காவது பொழுது போகுது, எனக்கு அப்படி ஒண்ணுமே இல்லப்பா, வேலை, பிள்ளை, தூக்கம்" என்றாய். முதலாவதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டாவதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதற்குக் காரணம் உண்டு, வருகிறேன்.

முதலில் பாலம். போன வருஷம் மாப்பிள்ளை என்னை ஹாம்பர்க் கூட்டிப்போய் அந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் குட்டி ரயில் கண்காட்சியைக் காட்டினாரே, அங்கே பிடித்த கிறுக்கு இது. இரட்டைப் பிறவி அண்ணன் தம்பி சேர்ந்து 2001-இல் திறந்த இடம், 15 கிலோமீட்டருக்கு மேல் குட்டித் தண்டவாளம், ஆயிரத்துக்கு மேல் ரயில், விமானம்கூட ஓடி ஏறுகிறது. மாப்பிள்ளை இரண்டு தடவை காபி குடித்துவிட்டு வந்தார், நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஆல்ப்ஸ் மலையில் வளைந்து வளைந்து ஏறுகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, இதெல்லாம் சரி, நம்ம பதிமூணு கண்ணு பாலம் எங்கே என்று ஒரு கேள்வி வந்தது. வேடிக்கையாகத்தான் வந்தது. ஊருக்கு வந்த பிறகும் போகவில்லை.

அந்தப் பாலம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆரியங்காவு தாண்டி, கழுதுருட்டியில், ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். பாலத்தின் வளைவை மலையாளத்தில் கண்ணற என்பார்கள், நமக்குக் கண். 1904-இல் இந்த லைன் போட்டபோது நம்ம செங்கோட்டையும் திருவிதாங்கூர்தான், 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பக்கம் வந்தோம். ஊர் வாசல் வளைவில் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. நான் டவுசர் போட்ட காலத்தில் கொல்லம் மெயில் இங்கே வந்து நின்றதும் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள். முன்னால் இருப்பது ஊதும், பின்னால் இருப்பது பதில் ஊதும், அப்புறம் இரண்டும் சேர்ந்து இழுக்கவும் தள்ளவுமாக மலை ஏறும். அந்தப் பதில் ஊதலுக்காகவே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருப்பேன். 2010-இல் மீட்டர் கேஜை நிறுத்தியபோது ஆபீசில் ஆடிட் என்று கடைசி வண்டியில் போகாமல் விட்டேன். 2018-இல் அகலப் பாதையில் வண்டி விட்டதும் முதல் வாரமே ஏறினேன், சுகமாகத்தான் இருந்தது, ஆனால் அது என் வண்டி இல்லை.

இனி கணக்கு. உனக்குப் பிடிக்கும், படி. மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1000 மில்லிமீட்டர். நீ ஜெர்மனியில் வாங்கித் தந்த பொம்மை ரயில் செட்டில் இருப்பது 16.5 மில்லிமீட்டர். உங்கள் ஊர் ரயிலின் அகலம் 1435, அதை 87-ஆல் வகுத்தால் இந்த 16.5 வரும், அதனால்தான் பெட்டியில் 1:87 என்று போட்டிருக்கிறது. நம்ம ஆயிரத்தை அதே 87-ஆல் வகுத்தால் பதினொன்றரைதான். அதற்கென்று 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தனியாக விற்கிறார்கள், விலையைப் பார்த்தேன், உன் அம்மா பார்ப்பதற்குள் போனை மூடிவிட்டேன். ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது தோன்றியது, தண்டவாளத்தை ஏன் மாற்ற வேண்டும், கணக்கை மாற்றினால் என்ன? ஆயிரத்தை 16.5-ஆல் வகுத்தால் அறுபதும் சொச்சமும். எல்லாவற்றையும் அறுபதில் ஒரு பங்காகச் செய்துவிட்டால் உன் ஜெர்மன் தண்டவாளமே நம்ம கொல்லம் லைன். அந்த நேரத்தில் எழுந்து விளக்கைப் போட்டு காலண்டர் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பாலம் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அப்படியானால் ஐந்தரை அடி. பழைய வீட்டுப் பின்கதவு ஆறரை அடி, மாட்டுத்தொழுவத்தில் சும்மா சாத்தி வைத்திருந்தது. அந்தக் கதவுதான் இப்போது மேஜை. தாழ்ப்பாளைக்கூடக் கழற்றவில்லை.

ஐந்தரை அடிக்குள் பதின்மூன்று கண் என்றால் தூணும் சேர்த்து ஒன்றுக்கு ஐந்து அங்குலம். நாலு அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் வளைவு தயார், அளவு எடுத்துச் செய்ததுபோல இருந்தது. பிளம்பரிடம் துண்டுப் பைப் கேட்டு வாங்கி, ஆறு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் பிளந்து, நடுவில் தெர்மோகோல் தூண் வைத்து, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, நாலு நாள் வேலை. உன் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு விரலை நீட்டி எண்ணினாள். "பதிமூணு கண்ணு பாலத்துக்குப் பன்னெண்டு கண்ணுதான் வச்சிருக்கீங்க." ஆறு துண்டைப் பிளந்தால் பன்னிரண்டுதானே! முப்பத்தாறு வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவன். எல்லாவற்றையும் பெயர்த்து, ஏழாவது துண்டு அறுத்து, மறுபடி முதலில் இருந்து. மிச்சம் விழுந்த அரைப் பைப்பில் அம்மா மண் போட்டுப் புதினா நட்டிருக்கிறாள், பாலத்தைவிட அது நன்றாக வந்திருக்கிறது.

இப்போது இங்கே சாரல். குற்றாலத்தில் நல்ல தண்ணீர், ரோடெல்லாம் வெளியூர்க் கார். எனக்குத்தான் இந்தச் சீசன் எதிரி. பிளாஸ்டர் அரை மணியில் இறுகிவிடும், ஆனால் காயாது, ஒரு வாரம் ஆனாலும் தொட்டால் குளிர்ச்சியாகவே இருக்கும், அதன்மேல் பெயின்ட் அடித்தால் தோலாக உரிந்து வருகிறது. மலைச்சரிவுக்கு மண் வேண்டும் என்று டீத்தூள் சக்கையைச் சேர்த்து வைத்து ஒட்டினேன், சரியாகக் காயாததால் நாலாம் நாள் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, நிஜப் பாசி மாதிரியே இருக்கு, விடுங்க என்றாள். விட்டிருக்கலாம், ஆனால் வாடை. புல்லுக்குத் தென்னை நார்த்தூள், உதிர்ந்த சருகுக்குக் காய்ந்த முருங்கை இலை. இவை இரண்டும் கைவிடவில்லை.

இன்னொரு சங்கடம், அறுபதில் ஒரு பங்கு என்றால் ஒரு பெட்டியே ஒரு அடி நீளம் வருகிறது, உன் செட்டில் உள்ள வளைவுத் தண்டவாளத்தில் அது திரும்பவே மாட்டேன் என்கிறது, மூலை போய்த் தூணில் இடிக்கிறது. ஆகவே வளைவே கிடையாது. வண்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆறரை அடி போகும், ஆறரை அடி திரும்பி வரும். அவ்வளவுதான். எதிர்வீட்டுத் தாத்தா, என் தோஸ்துதான், வந்து பார்த்துவிட்டு "எங்கே போகுது இது?" என்றார். புனலூர் என்றேன். "டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சேனல் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொல்வதற்கு முன்னாலேயே அடுத்த வீட்டுப் பையன் அரை நிமிஷம் எடுத்து எங்கேயோ போட்டுவிட்டான். எவ்வளவு செலவு, ஆர்டர் எடுப்பீங்களா, எஞ்சின் சத்தம் சேருங்க என்று ஏகப்பட்ட பேர். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் தூணில் கல் வரி கீறிக்கொண்டிருந்தேன், உன் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முள்ளால்தான், ஒவ்வொரு கல்லாக, ஒரு தூணுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பாலத்தின் பின்பக்கம் சுவரைப் பார்த்திருக்கிறது. கேமராவில் தெரியாதே, இதை ஏன் கீற வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. ஆபீசில் மேலதிகாரி பார்ப்பாரே என்று எழுதி எழுதியே ரிட்டயர் ஆனவன் நான், மறுபடியும் ஒருத்தர் பார்ப்பதற்காக வேலை செய்ய எனக்குத் தெம்பில்லை. பின்பக்கத்தையும் கீறினேன், முன்பக்கத்தைவிட நன்றாகவே கீறினேன். சேனல் வேண்டாம்மா. பேரன் வந்து உடைத்தால் உடைக்கட்டும்.

சரி, இனி இரண்டாவது விஷயம். இதைச் சொல்லத்தான் இத்தனையும்.

போன மாதம் கூட்ஸ் பெட்டி செய்யலாம் என்று காலித் தீப்பெட்டி தேடினேன். வீட்டில் கேஸ் லைட்டர் வந்த பிறகு தீப்பெட்டி எங்கே இருக்கிறது, பூஜை அறையில் ஒன்று. மச்சில் ஏறி ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். சாக்கு நூலால் கட்டி உன் நோட்டு இருந்தது. முடிச்சு நான் போட்டது, பார்த்தவுடனே தெரிந்தது.

நீ பத்தாவது படிக்கும்போது அரைப் பரீட்சையில் கணக்கில் 61. தீப்பெட்டிப் படம் பொறுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலும் புளியரையில் லாரி நிற்கிற இடத்திலும் அலைந்தால் எப்படி மார்க் வரும் என்று சத்தம் போட்டு, நோட்டைப் பிடுங்கிக் கட்டி வைத்தேன். பரீட்சை முடியட்டும், தருகிறேன் என்றேன். பரீட்சை முடிந்தது, பிளஸ் டூ வந்தது, என்ட்ரன்ஸ் வந்தது. நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காததால் மறந்துவிட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்தது.

மச்சிலேயே உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். முதல் பக்கத்தில் உன் கையெழுத்தில், சிவகாசி ஐயநாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். யார் சொல்லிக்கொடுத்தது இதை? நான் இல்லை. எல்லாம் சோற்றுப் பசை வைத்து ஒட்டியது, ஓரங்களை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது, படங்கள் பெரும்பாலும் தப்பித்தன. கப்பல், சேவல், கிளி, மலையாள எழுத்துப் போட்ட ஒரு யானை. ஒவ்வொன்றின் கீழும் கிடைத்த இடம், தேதி. பெட்டி ஐம்பது காசாக இருந்த காலம். நான் புனலூர் போய்வந்தபோது கொண்டுவந்த ஒன்றும் இருக்கிறது, கீழே "அப்பா" என்று மட்டும் போட்டிருக்கிறாய். அப்படியென்றால் நானும் ஒரு காலத்தில் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன், பிறகுதான் கட்டி வைத்திருக்கிறேன்.

பதினைந்து வயதில் உனக்கு ஒன்று இருந்தது, நான் எடுத்து மச்சில் போட்டேன், இப்போது எனக்கு ஒன்று இல்லை என்று நீ சொல்கிறாய், நான் கதவின்மேல் ரயில் விட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த 61 நோட்டால் வந்ததும் இல்லை, அந்த வருஷம் உனக்கு மஞ்சள்காமாலை வந்து ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை என்று இப்போதுதான் அம்மா ஞாபகப்படுத்தினாள். என் தப்பு கோமு. இவ்வளவு வருஷம் கழித்துச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாலும் சரிதான்.

திரும்ப ஆரம்பி என்று சொல்ல வரவில்லை. உனக்கு அதற்கெல்லாம் இப்போது நேரமும் இல்லை, ஆசை இருக்கிறதோ என்னவோ. நோட்டை வெயில் வரும் நாளில் காயவைத்து, வேப்பிலை வைத்து, மாப்பிள்ளை ஊருக்கு வரும்போது கையில் கொடுத்துவிடுகிறேன், பார்சலில் அனுப்ப மனசில்லை.

கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு சந்தேகம். நாலு கட்டம் காலியாக விட்டு, பென்சிலில் "வேண்டும்" என்று எழுதி, ஒன்றில் "சாவி – பச்சை" என்று போட்டிருக்கிறாய். சிவப்புச் சாவி முன்னால் இரண்டு பக்கம் தள்ளி ஒட்டியிருக்கிறது. நேற்று டீக்கடையில் கேட்டேன், அவர் பழைய சாமான் போட்டு வைத்திருக்கிற தகர டப்பாவைத் தூக்கி என்னிடமே கொடுத்துவிட்டார், அதில் சாவிப் படம் போட்ட தீப்பெட்டி ஒன்று இருக்கிறது, வெளுத்துப்போய் நீலமா பச்சையா என்று சொல்ல முடியவில்லை. நீ தேடியது சாவி பச்சையா, இல்லை சாவிக்குப் பின்னால் உள்ள நிறம் பச்சையா? பார்த்ததும் ஒரு வரி போடு, டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அப்பா
செங்கோட்டை