அறிகுறிப் பட்டியலை விட்டு நாள் கணக்கைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எச்.ஐ.வி. பற்றி எழுத நேரும்போதெல்லாம் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு, நெறிகட்டுதல் என்று ஒரு பட்டியல் தவறாமல் இடம்பெறுகிறது. அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தப் பட்டியலால் நன்மையைவிடத் தீங்கே அதிகம் என்று கருதுகிறேன்.

ஆணுறையின்றி உறவு கொண்டுவிட்டு அஞ்சி வரும் இளைஞர்கள் பலர், அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டே வருவார்கள். நெறி கட்டியிருக்கிறதா என்று ஓயாமல் அழுத்திப் பார்த்ததில் கழுத்து கன்றிச் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பையும் ஓர் அறிகுறியாகக் காட்டுவார்கள். தொற்று ஏற்பட்டவர்களில் பலருக்கு 2 முதல் 4 வாரங்களில் காய்ச்சல் வந்து தானே அடங்குவதும், வேறு பலருக்கு ஆண்டுக்கணக்கில் எதுவுமே தோன்றாதிருப்பதும் உண்மைதான். ஆனால் அதே காய்ச்சலும் தடிப்பும் டெங்குவிலும் வரும் என்பதால், உடம்பைப் பார்த்து எவரும் முடிவு கட்ட இயலாது. பட்டியலைப் படித்துத் தூக்கமிழப்பவர்களைவிட, தனக்கு அறிகுறி ஒன்றும் தென்படவில்லையே என்று பரிசோதனைக்கே வராமல் இருந்துவிடுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை.

இவர்களுக்குத் தேவை நாள் கணக்கு. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை முதல் நாளிலேயே மருத்துவரைப் பார்த்தால், அவர் தேவையெனக் கருதும் நிலையில் 28 நாள் தடுப்பு மாத்திரைகளைத் தொடங்க முடியும். மறுநாளே தனியார் ஆய்வகத்துக்கு ஓடிப் பணம் கட்டி வாங்கும் 'நெகட்டிவ்' தாள் அந்த உறவைப் பற்றி எதையுமே சொல்லாது. ரத்தத்தில் தொற்று தென்பட நாள் பிடிக்கும். ஆன்டிஜென் (கிருமியின் புரதம்), ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்) இரண்டையும் பார்க்கும் நான்காம் தலைமுறை ஆய்வகப் பரிசோதனை, நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில், பொதுவாக 18 முதல் 45 நாட்களுக்குள் தொற்றைக் காட்டிவிடும். விரலில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாட்கள் வரை ஆகலாம். இடையில் வேறு ஆபத்தான தொடர்பு இல்லாமல், தடுப்பு மாத்திரையும் எடுக்காமல், 90 நாள் கழித்து நெகட்டிவ் வந்தால் அச்சத்தை விட்டுவிடலாம். அதன் பிறகும் மாதந்தோறும் வந்து கை நீட்டுபவர்களை மனநல ஆலோசகரிடம் அனுப்புவதே நல்லது.

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையங்களில் இப்பரிசோதனை இலவசம். வெவ்வேறு மூன்று பரிசோதனைகள் ஒத்துவந்த பிறகே பாசிட்டிவ் என்று சொல்வார்கள். ஒருவரின் நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதை, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. (மையத்தின் பெயர்ப்பலகையை வெளிநோயாளிகள் வரிசைக்கு நேரெதிரே மாட்டி வைப்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை போலும்.)

எனவே அடுத்த முறை தங்கள் இதழில் பட்டியலுக்குப் பதிலாக இந்த நாள் கணக்கையும் 1097 என்ற இலவச உதவி எண்ணையும் அச்சிட வேண்டுகிறேன். சுகாதாரத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கள் காலை வெளிநோயாளர் பிரிவு திறக்கும்வரை காத்திருந்தால் கெடுவில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும். ஆகவே முதல் வேளைத் தடுப்பு மாத்திரை அவசர சிகிச்சைப் பிரிவில் எந்நேரமும் கிடைக்க வேண்டும். அது கிடைக்கும் என்பதை வாசலிலேயே எழுதியும் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
விருதுநகர்.